தைலத்தோப்பு ரோட்டில் உன் ஹெட்போன்

அக்கா,

பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்வெட்டர் எடுப்பதற்காக இன்று பீரோவின் மேல்தட்டைத் துழாவியபோது உன் ஹெட்போன் பெட்டி கையில் தட்டுப்பட்டது. திறந்தேன். காதை மூடுகிற மெத்தைகளின் கறுப்புத் தோல் உரிந்து, என் விரலிலும் வெள்ளைத் துப்பட்டாவிலும் துகள் துகளாக ஒட்டிக்கொண்டது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருள், யாரும் தொடாமலே உரிந்துபோயிருக்கிறது. நீ இருந்திருந்தால் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய். மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கும், ஆன்லைனில் போட்டால் வந்துவிடும் என்று சொல்லியிருப்பாய். நானும் விடாமல், அதை எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்று கேட்டிருப்பேன்.

மாட்டிப் பார்க்கலாமா என்று தோன்றியது. காதருகே கொண்டுபோனதும் மறுபடி பெட்டிக்குள் போட்டேன். மூடி வைத்துவிட்டேன். கதவு சாத்தியிருக்கிறது, பட்டப்பகல், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் கேட்கிறது. அப்படியும் அதை மாட்டிக்கொள்ள எனக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வாய். சொல்லிக்கொள். ஆனால் அந்தப் பயத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போல்ட் அடிக்கிற அந்தக் கம்பெனியில் இருபது வருடத்துக்குக் கிட்ட வேலை பார்த்தாய். சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்கு வந்த புதிதில் சேர்ந்த வேலை. கம்பியை வெட்டி, ஒரே அடியில் போல்ட்டுக்குத் தலை வைக்கும் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் ஷெட். மேற்பார்வைக்கு யாராவது பெரிய ஆட்கள் வரும் நாளில் எல்லோர் காதிலும் பஞ்சு அடைப்பான் இருக்கும், மற்ற நாட்களில் அதைத் தேட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். மாமா இறந்துபோன பிறகு, கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட என்னோடு வந்து தங்கினாய். உன் காது கெட்டுப்போயிருப்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாய். படுத்தால் தூக்கம் வராது. காதுக்குள் ஒரு சில்வண்டு உட்கார்ந்துகொண்டு இடைவிடாமல் கத்துகிறது என்றாய். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து, கரும்புச்சாறு வாங்கிக் கையில் வைத்தபடி வெகுநேரம் குடிக்காமல் நின்றாய்.

அதன்பிறகுதான் அந்த ஆசை பிடித்தது. சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் போனில் ஹெட்போன் விமர்சனங்களாகவே ஓடும். எதில் எத்தனை மைக், எது காதை அழுத்தாது, எதன் பேட்டரி தாங்கும் என்று உன் ஷிப்டில் யாருக்கும் தெரியாத விஷயமெல்லாம் உனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு பஸ் ஏறிப்போய், பெரிய மால் ஒன்றில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். அடுத்த மாதமே வாங்கிவிட்டாய். அதன் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் கை முழுக்க முள் குத்தி ரோஜா வெட்டுகிறவள் நான். பில்லைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

பஸ் ஸ்டாண்டு எதிரே நூற்றுக்கும் இருநூற்றுக்கும் கொட்டி வைத்து விற்கிறார்களே, அதுவும் காதில் மாட்டுவதுதானே என்று கேட்டேன். அது பாட்டுக் கேட்க, இது கேட்காமல் இருக்க என்றாய். கேட்காமல் இருக்கக் காசு கொடுக்கும் ஒரே ஆள் நீதான் என்றேன். நீ கோபப்படவில்லை.

"அந்தக் கடையில பாட்டு ஓடுது, ஜனம் கசகசன்னு பேசுது. மாட்டினதும் எல்லாம் தூரமாப் போயிடுச்சுடி. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு" என்றாய்.

பில்லை மடித்து பீரோவில் வைத்தேன். ஆனால் முதல் நாள் சாயந்திரமே அதன் குறை தெரிந்துவிட்டது. வெளியே கேட்கும் சத்தத்தை அது அடக்கியது. ஃபேன், ரோட்டில் போகும் லாரி, மேல்வீட்டு மோட்டார் எல்லாம் மறைந்தன. உன் காதுக்குள் இருந்த சில்வண்டை மட்டும் அதால் தொட முடியவில்லை. சுற்றிலும் அமைதியானதும் அது இன்னும் பலமாகக் கத்தியது. உன் முகம் விழுந்ததைப் பார்த்தேன். நான் சொன்னேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. நீ தோற்கவில்லை. இரண்டு நாள் தேடி, மழை பெய்யும் சத்தம் ஒன்றைக் கண்டுபிடித்தாய். அதை மெல்ல ஓடவிட்டால் சில்வண்டு மழையில் மறைந்துபோகிறது என்றாய். அந்த வாரம்தான் பல வருடங்களுக்குப் பிறகு அலாரம் அடிக்கும்வரை தூங்கினாய்.

எனக்கோ அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. வீட்டில் நீ இருக்கிறாய், ஆனால் இல்லை. குக்கர் விசில் உனக்குக் கேட்காது, காலிங் பெல் கேட்காது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடுப்பில் அடி. எழுந்திருக்க முடியாமல் அக்கா அக்கா என்று கத்தினேன். நீ சுவருக்கு அந்தப் பக்கம், கட்டிலில் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஈரத் தரையில் கிடந்தபடி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகத் தவழ்ந்து வந்து உன் காலைத் தொட்டபோது துள்ளி எழுந்தாய். மருந்து தடவிவிட்டு, கால் பிடித்துவிட்டு, கடைசியில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா?

"கூப்பிட்டா கேக்காது. ஃபோன் பண்ணுடி, நேரா காதுக்குள்ள கேக்கும்."

குளிக்கப் போகும்போது போனோடு போக வேண்டுமா என்று சண்டை போட்டேன். சண்டை போட்டாலும், அன்றிலிருந்து போனைக் கையிலிருந்து கீழே வைத்ததில்லை. பயந்தவளின் பழக்கம்.

நம் லேஅவுட்டிலிருந்து ஹைவேக்குப் போகும் அந்த ரோடு. ஒரு பக்கம் தைலமரத் தோப்பு, மறுபக்கம் முனியப்பாவின் ராகி வயல். தொரப்பள்ளிப் பக்கம் குடிவந்த புதிதில், இவ்வளவு அமைதியான ரோடு ஓசூரில் வேறெங்கே கிடைக்கும் என்றாய். ராகி முற்றும் காலத்தில் காட்டிலிருந்து யானைகள் இறங்கும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். முதல் ஷிப்ட் நாட்களில் விடியும் நேரத்தில் இருவரும் சேர்ந்து கிளம்புவோம். நீ ஹைவேயில் கம்பெனி பஸ் ஏறுவாய், நான் அதைத் தாண்டி பாலிஹவுஸுக்கு நடப்பேன். ரோட்டிலாவது அதைக் கழற்று என்று தினமும் கெஞ்சினேன். ஷெட்டுக்குள் மாட்ட விடமாட்டார்கள், அதற்குள் போகும்வரை கிடைப்பது இந்த நேரம்தான், இதையும் கேட்காதே என்றாய். யானை வந்தால் என்றேன். மெசேஜ் வரும் என்றாய்.

அன்று மெசேஜ் வரவில்லை.

பனி அடர்ந்த காலை. என் செருப்பு வார் அறுந்துவிட்டது. நின்று, ஊக்கு குத்திச் சரிசெய்துகொண்டிருந்தேன். நான் நின்றது உனக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டே போனாய். தோப்புக்குள் ஒரு கிளை முறிகிற சத்தம் கேட்டது. விறகுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் நிமிர்ந்தேன். நமக்கு நடுவே, ரோட்டில், அது நின்றது. பனிக்குள்ளிருந்து எப்போது வெளியே வந்தது என்று தெரியவில்லை. அத்தனை பெரிய உடம்பு காலெடுத்து வைக்கிற சத்தம் எனக்கும் கேட்கவில்லை. அதன் பின்புறம் எனக்கு, முகம் உன் முதுகுக்கு. அதற்கு அப்பால் உன் சிவப்பு ஸ்வெட்டர், தலைக்கு மேல் வளைந்த அந்தக் கறுப்புப் பட்டை. கையை வீசிக்கொண்டு, மழையைக் கேட்டபடி போய்க்கொண்டிருந்தாய்.

கத்த வாய் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கத்தினால் உனக்குக் கேட்காது. அதற்குத்தான் கேட்கும். உன்னைக் கூப்பிடுகிற ஒவ்வொரு சத்தமும் அதைத்தான் போய்ச் சேரும். அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது போல ஒரு பயம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. நீ என் கண்ணெதிரே இருந்தாய். உன்னை எட்ட எனக்கு வழியே இல்லை.

அது உன் பின்னால் ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி.

அப்போதுதான் கையில் போன் இருப்பது உறைத்தது. உன் பெயரை அழுத்தினேன். மணி நம் இருவருக்கு மட்டும் கேட்டது. நீ நடந்துகொண்டே கையை உயர்த்தி காதின் மேல் தட்டியதைப் பார்த்தேன்.

"என்னடி, பின்னாடிதானே வர்றே?"

உன் குரல் காற்றிலும் வந்தது, போனிலும் வந்தது. யானையின் காது விரிந்தது.

"பேசாத அக்கா. திரும்பாத. பின்னாடி ஆனை நிக்குது." எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். உனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறது. உன் தோள் இறுகியதை அங்கிருந்தே பார்த்தேன்.

"ஓடாத. இப்ப நடந்த மாதிரியே நட. வலப்பக்கம் முனியப்பாவோட மோட்டார் ரூம் வரும். அது வரைக்கும் நட."

நீ நடந்தாய். போனில் உன் மூச்சு மட்டும் வந்தது. என்னை எதற்கெடுத்தாலும் கேலி செய்கிற, மாமாவின் உடலை வாங்கத் தனியாக மார்ச்சுவரிக்குப் போன நீ, குழந்தை விம்முவது போல மூச்சு விட்டாய். பிறகு, மூச்சோடு மூச்சாக ஒன்று சொன்னாய்.

"நிறுத்தாத. பேசிக்கிட்டே இரு."

பேசினேன். அது நிற்கிறது, தூரமாகத்தான் இருக்கிறது, நீ நட, கல்வெர்ட் பாலம் வந்துவிட்டது, அதைத் தாண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இனி வருவதுதான் நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது. கல்வெர்ட்டை நீ தாண்டும்போது அது திரும்பிவிட்டது, அக்கா. என் பக்கம். என் குரல் கேட்டோ, வாடை அடித்தோ தெரியாது. முழு உடம்பையும் மெதுவாகத் திருப்பி, தும்பிக்கையை என்னை நோக்கி நீட்டி மோந்தது. அதன் நெற்றியில் பனித்துளி இருந்தது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. நான் நிறுத்தினால் நீ திரும்பிப் பார்ப்பாய். பார்த்தால் என்னிடம் ஓடி வருவாய். அதனால் அதே குரலில் பேசிக்கொண்டே இருந்தேன். "அது நிக்குதுக்கா. அங்கயேதான் நிக்குது. நீ நட." அது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எதனால் நின்றது என்று தெரியவில்லை. ஒரு வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் இருக்கிற தூரத்தில் நின்றது. பார்த்தது. பிறகு, நான் ஒரு பொருட்டே இல்லை என்பது போல ராகி வயலுக்குள் இறங்கியது. கதிர் சரசரவென்று பிய்கிற சத்தம் கேட்டது. வயலின் அந்தக் கோடியிலிருந்து முனியப்பா பட்டாசு கொளுத்திப் போட்டார். அது வேகமெடுத்துப் போகும்போது தரை அதிர்ந்தது என் பாதத்தில் தெரிந்தது.

மோட்டார் ரூமுக்குள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாய். ஹெட்போன் தலையிலேயே இருந்தது. நான்தான் அதைப் பிடுங்கினேன். முனியப்பா வந்து நம் இருவரையும் பார்த்துவிட்டு, "ஒத்தையா திரியற ஆனைம்மா. கூட்டம்னா கூட பரவால்ல" என்றார். தன் சொம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தார். குடிக்க முடியாமல் உன் பல் சொம்பில் மோதியது.

நம் பெரிய சண்டை அன்று வீடு திரும்பிய பிறகு ஆரம்பித்து, மாதக்கணக்கில் ஓடியது. அந்த ஹெட்போன் உன்னைக் கொன்றிருக்கும் என்றேன். அதுதான் காப்பாற்றியது என்றாய். ரோட்டுக்கடை ஹெட்போனாக இருந்திருந்தால் நீ முனகியது எனக்குக் கேட்டிருக்குமா என்று கேட்டாய். ஒன்றுமே மாட்டாமல் இருந்திருந்தால் கிளை முறிந்ததே கேட்டிருக்கும், முனகவே வேண்டியிருக்காது என்றேன். காது திறந்திருந்த நீயே அது ரோட்டுக்கு வந்ததைக் கேட்கவில்லையே என்றாய். இரவு நேரத்தில் யோசித்தால் உன் பக்கம் நியாயம் தெரிகிறது. விடிந்து அந்த ரோட்டில் கால் வைத்தால் என் பக்கம்.

அதை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். விடவில்லை. மறுவாரம் வேலைக்குக் கிளம்பும்போது மாட்டிக்கொண்டாய். ஆனால் என்னை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு, என் தோள்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். "நீ முன்னால போ. நீ கேளு, எனக்கும் சேத்து. கையை நீட்டுனா நின்னுடறேன்" என்றாய். அப்படித்தான் அதன்பிறகு எல்லா நாளும் நடந்தோம். சந்தேகமாக ஏதாவது கேட்டால் இடக்கையைப் பின்னால் விரித்துக் காட்டுவேன். நீ நின்றுவிடுவாய். மாடாக இருக்கும், நாயாக இருக்கும், பெரும்பாலும் காற்றாக இருக்கும். ஒரு தடவைகூட நீ சலித்துக்கொள்ளவில்லை. வாரைப் பிடித்திருந்த உன் கையின் இறுக்கம் ஹைவே வரைக்கும் தளராது.

போன மழைக்காலத்தில் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டாய். பிறகு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். வார்டில் ஒரே இரைச்சல். மெஷின்கள் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன, யாரோ இருமினார்கள், யாரோ அழுதார்கள். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து, வீட்டுக்கு ஓடிப்போய் ஹெட்போனை சார்ஜ் போட்டு எடுத்துவந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நானே அதை உன் காதில் மாட்டினேன். நீ கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாய். பிறகு கையை உயர்த்தி, நீயே கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாய்.

"சத்தம் இருக்கட்டும்டி" என்றாய். மூச்சு இடறியது. "யாராச்சும் இருக்காங்கன்னு தெரியுதில்ல."

அன்று மோட்டார் ரூமில் பார்த்த அதே முகம். நீ பயந்திருந்தாய். நானும் பயந்திருந்தேன். எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று பாலிஹவுஸில் புதிதாக வைத்திருக்கும் ஆரஞ்சு ரோஜாவைப் பற்றிப் பேசினேன், முனியப்பா மகளுக்குக் கல்யாணம் என்றேன், உனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றேன். எதை நம்பினாய், எதை நம்பவில்லை என்று தெரியாது. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லும்வரை பேசினேன். அதன்பிறகு உன்னோடு பேச எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இப்போது தனியாகத்தான் வேலைக்குப் போகிறேன். வேறு வீடு பார் என்கிறார்கள். பார்க்கவில்லை. பாலிஹவுஸில் எல்லோரும் காதில் எதையாவது செருகிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி பூ வெட்டுகிறார்கள். என்னால் முடிவதில்லை. ஒரு காதை அடைத்தால்கூட முதுகுக்குப் பின்னால் ஏதோ வந்து நிற்பது போல இருக்கிறது. இரண்டு பேருக்காகக் கேட்டுப் பழகிய காது, ஒருத்திக்காக மட்டும் கேட்க மறுக்கிறது. தூக்கத்தில்கூடத் திறந்தே இருக்கிறது.

போன வாரம் பனி அதிகமாக இருந்த ஒருநாள், தைலத்தோப்பைத் தாண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு கிளை முறிந்தது. நின்றுவிட்டேன். என் இடக்கை தானாகப் பின்னால் நீண்டு, விரல்களை விரித்து நின்றது, உன்னை நிறுத்துவதற்காக. பின்னால் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சத்தம் தோப்புக்குள்ளேயே மெல்ல நகர்ந்து, தேய்ந்து, இல்லாமல் போனது. அது வரைக்கும் நான் அந்தக் கையை இறக்கவில்லை.